பெய்த மழையைவிட ஓடையில் ஓடிய தண்ணீர் அதிகம்: எங்கே தப்பு?

ஓடைக்காரன் எழுதியது:

வணக்கம். ஒரு வருடமாக ஒரு சின்ன மலை ஓடையை அளந்துகொண்டிருக்கிறேன். வருடம் முடிந்ததே என்று போன வாரம் உட்கார்ந்து கணக்கைக் கூட்டினால் தலை சுற்றுகிறது. மழைமானியில் பதிவான மொத்த மழை 1,640 மி.மீ. ஓடையில் போன தண்ணீரை நீர்ப்பிடிப்புப் பரப்பால் (எந்த நிலத்தில் பெய்யும் மழை இந்த ஓடைக்கு வருகிறதோ அதன் பரப்பு) வகுத்தால் 1,790 மி.மீ. வருகிறது. மேலே இருந்து விழுந்ததைவிட ஓடையில் போனது 150 மி.மீ. கூடுதல். மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன், எக்செலில் தப்பு இல்லை.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பரப்பு 42 ஹெக்டேர், 30 மீட்டர் கட்டங்களாக உள்ள தரை உயரத் தரவை வைத்துக் கணினி வெட்டிக் கொடுத்த எல்லை. ஓடை வெளியேறும் இடத்துக்கும் மேல் முகட்டுக்கும் உயர வித்தியாசம் 460 மீட்டர். மேல் பாதி புல்வெளி, கீழ்ப் பாதி காடு, நடுவில் குறுக்காக ஒரு வண்டிப்பாதை போகிறது. கீழே ஒரு சிறிய கான்கிரீட் சுவர் கட்டி அதில் 90 டிகிரி வி-நாட்ச் தகடு (V வடிவ வெட்டு உள்ள தகடு, வெட்டில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடலாம்) பொருத்தியிருக்கிறோம், வெட்டின் உயரம் 45 செ.மீ. பின்னால் தேங்கும் குட்டையில் அழுத்த சென்சார், 15 நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்தை எழுதும். மழைமானி டிப்பிங் பக்கெட் வகை (உள்ளே சின்ன வாளி நிறைந்து சாயும் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டலாக எண்ணும்), சுவரிலிருந்து 30 மீட்டர் தள்ளி. அங்கே வைத்ததற்குக் காரணம் எதுவும் இல்லை, போய்ப் பார்க்க வசதி, அவ்வளவுதான்.

என் ஆய்வு வழிகாட்டி "பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து நிலத்தடி நீர் வருகிறது என்று எழுதிவிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆதாரம் எதுவும் என் கையில் இல்லை. இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா? எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

இன்னொன்று. சரிவில் மண்ணரிப்பு பார்க்க 40 இரும்புக் கம்பிகள் அடித்து வைத்தேன். அதில் 13 கம்பிகளில் மண் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கிறது. இதையும் யாராவது விளக்கினால் நல்லது.

---

சுனைநீர் எழுதியது:

மலைக்குள் யாரோ குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள் போல :)

சும்மா சொன்னேன். மழைமானிக்கு மேலே மரக்கிளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு ஒரு முறை நடந்தது: வைக்கும்போது திறந்த வெளி, ஒன்றரை வருடத்தில் பக்கத்துச் செடி வளர்ந்து பாதி வானத்தை மறைத்துவிட்டது, நான் மாதாமாதம் போய் டேட்டா மட்டும் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

---

பழைய_அளவுகோல் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் இடிப்பது 150 மி.மீ. இல்லை. மரமும் புல்லும் ஒரு வருடம் முழுக்கக் குடித்ததும் இலையில் நின்று காய்ந்ததும் எங்கே? மிதமான மலைக்காடு என்றாலே வருடத்துக்கு 800, 900 மி.மீ. ஆவியாகப் போய்விடும், சூடான இடம் என்றால் இன்னும் கூட. 1,790-உடன் அதையும் சேர்த்தால் உங்கள் மலையில் 2,600, 2,700 மி.மீ. பெய்திருக்க வேண்டும். உங்களுக்குக் காணாமல் போனது ஆயிரம் மி.மீ. இவ்வளவு பெரிய ஓட்டை ஒரே தவறால் வராது. மூன்று நான்கு தவறுகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

நிலத்தடி நீர் கதையை நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். மழை இல்லாத மாதங்களில் ஓடை எவ்வளவு ஓடுகிறது? வினாடிக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 259 கன மீட்டர், அதை 42 ஹெக்டேரில் பரப்பினால் 0.6 மி.மீ. ஐந்து மாதம் இப்படியே ஓடினாலும் 90 மி.மீ.தான். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரம் மி.மீ. பாறைக்குள் புகுந்து வருகிறது என்றால் வெயில் காலத்தில் அந்த ஓடை இப்படி மெலிந்து கிடக்காது. அது மழை நாளில் மட்டும் வந்து வெயில் நாளில் லீவு போடும் தண்ணீர் இல்லை.

அடுத்து மழைமானி. 460 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஒரே மானி, அதுவும் அடிவாரத்தில். ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது, அதனால் மேலே போகப் போக மழை கூடுவதுதான் பெரும்பாலான மலைகளில் வழக்கம். எவ்வளவு கூடும் என்பதை மட்டும் யாரும் மேஜையில் உட்கார்ந்து சொல்ல முடியாது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. வேல்ஸில் பிளின்லிமன் என்று ஒரு இடம், 1968-இலிருந்து இரண்டு பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளை, ஒன்று புல், ஒன்று காடு, அளந்துவருகிறார்கள். அங்கே மழைமானிகளைக் கைக்குத் தோதான இடத்தில் வைக்கவில்லை. உயரம், சரிவு, திசை மூன்றையும் வைத்து நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் மானி வைத்தார்கள். காட்டுக்குள் மரத்தலை உயரத்துக்கே மானியைத் தூக்கி வைத்தார்கள். உங்களால் அத்தனை முடியாது, தெரியும். ஆனால் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டு சாதாரண சேகரிப்பு மானிகளாவது வையுங்கள். மாதம் ஒரு முறை போய் ஊற்றி அளந்தால் போதும்.

டிப்பிங் பக்கெட்டையும் நம்பிவிட வேண்டாம். புனல் விட்டம் 200 மி.மீ. என்றால் வாய்ப்பரப்பு 314 சதுர செ.மீ., ஒரு தட்டலுக்கு 0.2 மி.மீ. என்றால் 6.28 மி.லி. ஆக 628 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 100 தடவை தட்ட வேண்டும். 92 தட்டினால் உங்கள் வருட மழையும் அந்த விகிதத்தில் குறைவு என்று அர்த்தம். கொட்டும் மழையில் பக்கெட் சாயும் அந்த நொடியில் விழும் நீர் கணக்கில் வராது, அதனால் நல்ல மானிகூடப் பெருமழையில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்.

இப்போது ஓடைப் பக்கம். வி-நாட்ச் அழகான சாதனம், ஆனால் குட்டிப் பிசகைப் பெரிதாக்கும். 90 டிகிரிக்குச் சூத்திரம் 1.38 பெருக்கல் உயரத்தின் இரண்டரை அடுக்கு, மீட்டரில் போட்டால் வினாடிக்குக் கன மீட்டர். வினாடிக்கு 3 லிட்டர் ஓடும்போது வெட்டின் அடி முனையிலிருந்து நீர் உயரம் 8.6 செ.மீ. உங்கள் சென்சாரின் பூஜ்யம் ஒரே ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்து 9.6 என்று எழுதினால் கணக்கு 3.9 லிட்டர் சொல்லும். முப்பது சதவீதம் கூடுதல்! போய் ஒரு ஸ்கேலால் முனையிலிருந்து அளந்து, அதே நிமிடம் சென்சார் என்ன எழுதியது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அளக்கும்போது தகட்டின் மேலேயே அளக்கக் கூடாது, அங்கே தண்ணீர் வளைந்து இறங்கும், கொஞ்சம் பின்னால் தள்ளி அளக்க வேண்டும். வெயில் காலத்தில் 20 லிட்டர் வாளியை அடியில் பிடித்தால் இன்னும் எளிது, வினாடிக்கு 3 லிட்டர் என்றால் ஏழு வினாடிக்குள் நிறையும்.

காற்றழுத்தம் கழித்தீர்களா? தண்ணீருக்குள் இருக்கும் சென்சார் மேலே உள்ள காற்றின் எடையையும் சேர்த்துத்தான் எழுதும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்.

கடைசியாக, குப்பை. நாட்சில் ஒரு சுள்ளி குறுக்கே விழும், அதில் இலை சேரும், பின்னால் மட்டம் ஏறும். தண்ணீர் கூடியதாக லாகர் (சென்சார் அளவைப் பதிந்து வைக்கும் கருவி) எழுதும். வரைபடத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: மழையே இல்லாமல் மட்டம் நாள் கணக்கில் மெல்ல ஏறும், பிறகு யாரோ வந்து சுத்தம் செய்த அந்த 15 நிமிடத்தில் படியிலிருந்து குதித்தது போல் தொப்பென்று இறங்கும். இயற்கையாக எந்த ஓடையும் அப்படி இறங்காது.

---

வரைபடப்பித்தன் எழுதியது:

எதற்கு இவ்வளவு சிரமம்? செயற்கைக்கோள் மழைத் தரவு இலவசமாகக் கிடைக்கிறதே. ஐமெர்க் என்ற தொகுப்பு அரைமணிக்கு ஒன்று தருகிறது. அதை எடுத்து உங்கள் மானியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடாதா?

---

பழைய_அளவுகோல் எழுதியது:

ஐமெர்க்கின் ஒரு கட்டம் பக்கத்துக்கு ஏறத்தாழ 11 கி.மீ., பரப்பு 120 சதுர கி.மீ. இவர் இடம் 0.42 சதுர கி.மீ. ஒரு கட்டத்தில் 280-இல் ஒரு பங்கு. அந்தக் கட்டத்துக்குள் பள்ளத்தாக்கும் முகடும் மழை மறைவுப் பக்கமும் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். சரிவில் மேகம் ஏறிப் பெய்யும் மழையைச் செயற்கைக்கோள் குறைத்துக் காட்டுவதும் தெரிந்த விஷயம்தான், மேகம் உயரம் குறைவாக இருக்கும், உச்சி அவ்வளவு குளிர்ந்திருக்காது. எந்த நாளில் மழை வந்தது என்று சரிபார்க்க வேண்டுமானால் உதவும். எவ்வளவு என்று கேட்டால் உதவாது.

---

வரைபடப்பித்தன் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் என் துறைக்கே வருகிறேன், எல்லை. 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர், 42 ஹெக்டேர் என்பது வெறும் 460, 470 கட்டங்கள். அதில் ஓரக் கட்டங்கள் மட்டும் தொண்ணூறு நூறு இருக்கும். ஓரத்தில் ஒவ்வொன்றும் பாதி தப்பு என்றாலே பரப்பு பத்து சதவீதம் நகர்ந்துவிடும். அதோடு அந்த உயரத் தரவு எஸ்.ஆர்.டி.எம். ஆக இருந்தால், அது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து 11 நாளில் ரேடார் வைத்து எடுத்தது. ரேடார் காடு இருக்கும் இடத்தில் தரை வரை முழுக்க இறங்காது, இலைக் கூட்டத்துக்குள் எங்கோ நின்றுவிடும். உங்கள் முகட்டில் ஒரு பக்கம் மரம், இன்னொரு பக்கம் புல் என்றால் கணினி முகட்டையே மரத்தின் பக்கம் தள்ளி வைத்துவிடும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் அந்த வண்டிப்பாதை மேல்தான். குறுக்காகப் போகிறது என்றீர்களே, பாதையின் மேல் ஓரத்தில் வாய்க்கால் இருக்கிறதா? மலைப்பாதை ஓர வாய்க்கால் சரிவிலிருந்து இறங்கும் தண்ணீரையெல்லாம் வழியிலேயே பிடித்து, பாதையோடேயே கூட்டிக்கொண்டு போய், அடுத்த சிறுபாலத்தில் கொட்டிவிடும். சிறுபாலம் முகட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அதற்குக் கவலை இல்லை. எந்த உயரத் தரவிலும் இந்த வாய்க்கால் தெரியாது. மழை பெய்யும்போதே குடையோடு அந்தப் பாதையில் நடந்து பாருங்கள், வெயிலில் போனால் காய்ந்த பள்ளம் மட்டும்தான் இருக்கும்.

---

ஈரமண் எழுதியது:

கம்பிக் கேள்வியை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

கம்பியில் மண் ஏறியிருப்பது தப்பு இல்லை. சரிவில் மண் ஒரேயடியாக ஓடைக்குப் போய்விடுவதில்லை, மேலே கிளம்பியது நடுவில் ஒரு புல் கொத்தின் பின்னால், ஒரு கல்லின் மேல் பக்கம், தங்கித் தங்கித்தான் இறங்கும். 40-இல் 13 ஏறியிருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஏறியவற்றை "பிழை" என்று ஒதுக்கிவிட்டு இறங்கியவற்றை மட்டும் சராசரி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். கம்பியே தடையாக நின்று மேல் பக்கம் மண் சேர்த்துக்கொள்வதும் உண்டு, கீழ்ப் பக்கம் சுழன்று பள்ளம் விழுவதும் உண்டு, அதனால் கம்பிக்கு இடமும் வலமும் அளந்து சராசரி எடுங்கள். ஆடு மாடு கம்பியில் உரசினால் முடிந்தது.

இன்னும் முக்கியமான விஷயம் இது. ஒரு ஹெக்டேரில் ஒரு மி.மீ. மண் போனால் 10 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.2 டன் என்று வைத்தால் 12 டன். இப்போது சொல்லுங்கள், ஈரத்தில் ஊதிக் காய்ந்தால் சுருங்கும் மண்ணில், ஒரு ஸ்கேலை வைத்து ஒரு மி.மீ. துல்லியமாக உங்களால் படிக்க முடியுமா? நீங்கள் குனியும் கோணத்திலேயே 12 டன் வந்து போகும். ஒரு வருடக் கம்பிக் கணக்கை வைத்து ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று எழுதாதீர்கள். நான்கைந்து வருடம் ஓடட்டும், எந்த இடத்தில் கிளம்புகிறது, எந்த இடத்தில் தங்குகிறது என்று பார்க்க நல்ல கருவி அது. டன் கணக்குக்கு ஓடை நீரைப் பிடிக்க வேண்டும்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வருவீர்கள். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். மலை ஓடையில் வருடத்து வண்டலில் பெரும்பகுதி சில பெருமழைகளின் சில மணி நேரத்தில் போய்விடும், அதுவும் பெரும்பாலும் வெள்ளம் ஏறும்போது. அது ஏதோ ஒரு வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும். நாங்கள் ஒரு எளிய வேலை செய்தோம்: ஒரு மரக்கம்பத்தில் பத்துப் பத்து செ.மீ. இடைவெளியில் பாட்டில்களைக் கட்டி, மூடியில் இரண்டு வளைந்த குழாய்கள், ஒன்று நீர் உள்ளே போக, இன்னொன்று காற்று வெளியே வர. மட்டம் ஏறும்போது ஒவ்வொரு பாட்டிலும் தன் உயரத்துக்கு வந்த தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். காலையில் போய்ப் பார்த்தபோது கீழ்ப் பாட்டில் டீ நிறம், மேலே போகப் போகக் குழம்பு நிறம். வடிகட்டிக் காய வைத்து நிறுத்தால் போதும். வெள்ளம் இறங்கும்போது என்ன நடந்தது என்று மட்டும் அது சொல்லாது.

அதோடு உங்கள் சுவருக்குப் பின்னால் குட்டையில் சேரும் மணலையும் கூழாங்கல்லையும் தோண்டி வீசுகிறீர்கள் அல்லவா? வீசுவதற்கு முன் எத்தனை வாளி என்று எண்ணி எழுதுங்கள். உருண்டு வரும் பொருளுக்கு அதைவிட மலிவான அளவை இல்லை. குட்டை நிரம்பியிருந்தால் நீர் வேகத்தோடு தகட்டுக்கு வரும், அப்போது சூத்திரம் ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

---

ஓடைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், சொன்னவற்றில் பாதியைச் செய்துவிட்டேன்.

முதலில் குப்பை. ஐயா சொன்ன மாதிரி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. மெல்ல ஏறித் தொப்பென்று இறங்கும் இடங்கள் வருடத்தில் 11. என் களக்குறிப்பு நோட்டில் அந்த 11-இல் 7 நாளுக்கு "நாட்ச் சுத்தம் செய்தேன்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நேரத்தோடு எழுதியிருக்கிறேன், ஆனால் டேட்டாவோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. போன ஞாயிறு போனபோதும் வி-யின் முனையில் ஒரு சுள்ளி, அதில் ஐந்தாறு இலை ஒட்டி ஈரப் புத்தகம் மாதிரி, விரலால் தள்ளியதும் குட்டை மட்டம் கண் முன்னால் நான்கு செ.மீ. இறங்கியது. அந்த நாட்களைத் திருத்தினால் வருட ஓட்டத்தில் 80 மி.மீ. குறைகிறது.

டிப்பிங் பக்கெட் 628 மி.லி.க்கு 95 தட்டியது. இலை நரம்பு மாதிரி ஏதோ புனல் துளையில் பாதி அடைத்திருந்தது.

சென்சார் பூஜ்யம் சரியாக இருக்கிறது, 3 மி.மீ. வித்தியாசம்தான். காற்றழுத்தம் கழித்திருக்கிறேன்.

இப்போது பாதை. மழை வரும் என்று சொன்ன ஒரு நாள் மத்தியானம் மேலே ஏறினேன். வரைபடப்பித்தன், உங்களுக்கு ஒரு கும்பிடு. பாதையின் மேல் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால், அதில் செந்நிறத் தண்ணீர் ஓட்டமாக ஓடுகிறது. அதன் எதிர்த்திசையில் நடந்தேன். முகடு என்று என் வரைபடத்தில் கோடு இருக்கும் இடம் வந்தது, வாய்க்கால் நிற்கவில்லை, முகட்டை வெட்டிப் போட்ட பாதையோடு அந்தப் பக்கத்துச் சரிவுக்கே போகிறது, அங்கிருந்து தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு என் பக்கம் வருகிறது. கடைசியில் ஒரு சிறுபாலத்தில் என் ஓடைக்குள் கொட்டுகிறது. குடை இருந்தும் முழுக்க நனைந்துவிட்டேன், ஆனால் அங்கேயே நின்று சிரித்தேன். ஜி.பி.எஸ். வைத்து நடந்து பார்த்ததில் அந்தப் பக்கம் ஏறத்தாழ 5 ஹெக்டேர். அதைச் சேர்த்து 47 ஹெக்டேராக வகுத்தால், குப்பைத் திருத்தத்தோடு ஓட்டம் 1,530 மி.மீ.க்கு இறங்குகிறது.

மேலே ஒரு சேகரிப்பு மானி வைத்தேன். மூன்று வாரத்தில் கீழே 118, மேலே 171.

---

பழைய_அளவுகோல் எழுதியது:

பலே. 7 நாள் நோட்டில் இருந்தது என்றீர்கள் பாருங்கள், அந்த நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள், லாகரைவிட விலை உயர்ந்தது அது.

ஒரு எச்சரிக்கை. மூன்று வாரத்து 171-க்கு 118 என்ற விகிதத்தை எடுத்துப் போன வருடம் முழுக்கப் பெருக்கிவிட வேண்டாம். ஒரு பருவத்தில் காற்று ஒரு திசை, இன்னொரு பருவத்தில் வேறு திசை, விகிதமும் மாறும். குறைந்தது ஒரு முழு வருடம் பாருங்கள். மேல் மானி முகட்டின் நுனியிலேயே இருந்தால் கொஞ்சம் கீழே இறக்குங்கள், காற்று வாங்கும் இடத்தில் துளி மானிக்குள் விழாமல் மேலாகப் பறந்துவிடும். மழை என்றால் சில சதவீதம் போகும், பனி விழும் மலையில் பாதிகூடப் போய்விடும்.

நீங்கள் இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது. 45 செ.மீ. தகட்டில் அதிகபட்சம் வினாடிக்கு 187 லிட்டர்தான் போகும். பெருமழையில் சுவருக்கு மேலேயே வழிந்ததா? வழிந்திருந்தால் எக்செல் அதே சூத்திரத்தைப் போட்டுக்கொண்டே போயிருக்கும், ஆனால் உண்மையில் சுவரின் முழு நீளத்துக்கும் வழிந்தது கணக்கில் இல்லை. இது மற்றதற்கு நேர் எதிர். உங்கள் ஓட்டத்தைக் கூட்டும்.

அந்த நேரத்தில் அளக்க உப்பு போடுங்கள். ஒரு கிலோ உப்பை ஒரு வாளியில் நன்றாகக் கரைத்து, நுரைத்துக் கலந்து ஓடும் இடத்தில் ஒரே வீச்சில் ஊற்றி, கீழே நாற்பது ஐம்பது மீட்டரில் மின்கடத்துதிறன் மீட்டரை (தண்ணீரில் உப்பு கூடினால் அளவு ஏறும், அலகு மைக்ரோசீமென்ஸ்) வைத்து ஐந்து வினாடிக்கு ஒரு முறை எழுதுங்கள். ஏறி இறங்கிப் பழைய நிலைக்கு வரும் வரை. உதாரணமாக, 300 வினாடிக்குச் சராசரி 40 மைக்ரோசீமென்ஸ் உயர்ந்தது என்றால் வரைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு 12,000. ஒரு மைக்ரோசீமென்ஸுக்கு லிட்டருக்கு 0.5 மி.கி. உப்பு என்று எடுத்தால் 6,000. பத்து லட்சம் மில்லிகிராமை அதால் வகுத்தால் வினாடிக்கு 167 லிட்டர். அந்த 0.5-ஐ உங்கள் ஓடைத் தண்ணீரிலேயே உப்பு கரைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லும் பாறையுமாகக் கொந்தளித்து ஓடும் ஓடையில் மிதவை போட்டு வேகம் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல், அங்கே கொந்தளிப்பு உங்களுக்கு வேலை செய்து கொடுக்கிறது. வெள்ளத்தில் உள்ளே இறங்கக் கூடாது, கரையிலிருந்தே எல்லாம்.

---

ஈரமண் எழுதியது:

அந்த வாய்க்கால் தண்ணீர் செந்நிறம் என்றீர்களே, அதைப் பிடித்தீர்களா? உங்கள் ஓடை வண்டலில் பாதி அந்தப் பாதையிலிருந்தே வரலாம். சிறுபாலத்துக்கு மேலே ஒரு பாட்டில் கம்பம், கீழே ஒரு கம்பம் வைத்தால் தெரிந்துவிடும். உங்கள் 40 கம்பிகளும் சரிவில் இருக்கின்றன, பாதையில் ஒன்றுகூட இல்லை!

---

சுனைநீர் எழுதியது:

பாருங்கள், குழாய் இல்லை, வாய்க்கால். நான் கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்வி. காடு, புல் என்று இரண்டும் இருக்கிறதே, காட்டால் ஓடை குறைகிறதா கூடுகிறதா என்பதும் இந்தத் தரவிலேயே தெரியுமா?

---

பழைய_அளவுகோல் எழுதியது:

ஒரே பள்ளத்தாக்கை வைத்துத் தெரியாது. மழை குறைந்ததால் ஓடை குறைந்ததா, மரம் வளர்ந்ததால் குறைந்ததா என்று பிரிக்க ஒரு ஜோடி வேண்டும். நீலகிரியில் கிளென்மார்கனில் செய்தது அதுதான்: பக்கத்துப் பக்கத்து இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள், முதல் சில வருடம் இரண்டையும் ஒன்றும் செய்யாமல் அளந்து, இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று தெரிந்துகொண்டு, பிறகு 1972-இல் ஒன்றில் மட்டும் பாதிக்குமேல் பரப்பில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து வருடச் சுழற்சியில் ஓட்டம் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது, வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 சதவீதம். நடுவதற்கு முந்தைய அந்தச் சில வருட அளவை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்த எண்களைச் சொல்லவே முடியாது. அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக்கிலும் இதே முறை, 1955-இல் தொடங்கினார்கள். 1963-இலிருந்து ஓடை நீரையும் மழை நீரையும் பாட்டிலில் பிடித்துச் சோதிக்க ஆரம்பித்தபோது அமில மழை என்ற ஒன்றையும் அங்கே பார்த்தார்கள், அதைத் தேடி யாரும் போகவில்லை.

---

ஓடைக்காரன் எழுதியது:

ஐயா, சுவரில் வெள்ளக் கறை இருக்கிறது, தகட்டுக்கு மேலே ஒரு சாண் அளவுக்கு. வழிந்திருக்கிறது. லாகரில் தேடினேன், வருடத்தில் 9 தடவை 45 செ.மீ. தாண்டியிருக்கிறது, எல்லாம் சேர்த்து 14 மணி நேரம்தான், ஆனால் பெரிய மழைகள் அத்தனையும் அதில்தான்.

இதுவரை கணக்கு: மானியின் 5 சதவீதக் குறையைச் சரிசெய்தால் கீழே 1,726. மேல் மழையைத் தோராயமாகச் சேர்த்தாலும் மொத்தப் பரப்புக்கு 2,100 பக்கம் வரலாம், அதை முடிவாக எழுத மாட்டேன். ஓட்டம் 1,530, வழிந்ததைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஆவியாகப் போக மிஞ்சுவது 500-க்குக் கொஞ்சம் மேலே. நீங்கள் சொன்ன 800, 900-க்கு இன்னும் 300 மி.மீ.க்கு மேல் இடிக்கிறது. முகட்டில் காலையில் பனிமூட்டம் புல்லில் தங்கிச் சொட்டுகிறது, அது எந்த மானியிலும் விழாத தண்ணீர், ஆனால் அளக்காமல் அதன் தலையில் போட மனசில்லை. வழிகாட்டியிடம் "நிலத்தடி நீர்" வாக்கியத்தை எடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன், வாய்க்கால் படத்தைக் காட்டியதும் அவரும் பேசவில்லை.

மீட்டர் ஒன்றை இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். ஐந்து கிலோ உப்பைக் கிலோ கிலோவாகப் பொட்டலம் கட்டி, ஈரம் படாமல் டப்பாவில் போட்டு, சுவருக்குப் பக்கத்துக் கொட்டகையில் வைத்தாகிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும்: சிறுபாலத்துத் தண்ணீர் சேருமிடம் நாட்சுக்கு 60 மீட்டர் மேலே. உப்பை அதற்கு மேலே ஊற்றுவதா, கீழே ஊற்றுவதா?

---

பழைய_அளவுகோல் எழுதியது:

கீழே ஊற்றினால் 60 மீட்டருக்குள் மொத்த ஓட்டமும் தெரியும், அதை முதலில் செய்யுங்கள். மேலே ஊற்றி, சேருமிடத்துக்குச் சற்று மேலேயே மீட்டரை வைத்தால் வாய்க்கால் இல்லாத ஓட்டம் கிடைக்கும். இரண்டையும் ஒரே மழையில், பத்து நிமிட இடைவெளியில். முதலில் ஊற்றிய உப்பு முழுக்க இறங்கிப் போகும் வரை இரண்டாவதை ஊற்ற வேண்டாம். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஒருவர் ஊற்ற ஒருவர் எழுத.